ஆல்-கோர்ட் பேடில்: எதை எதோடு ஒப்பிடுவது?

துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு இருபுறமும் நின்று அடிக்கும் பிக்கிள்பால் ஆடத் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், பேடில் எனப்படும் இரவல் மட்டையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க ஆசை வரும். கடைக்காரரிடம் கேட்டாலும், கூட ஆடுபவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆல்-கோர்ட் வகையில் ஒன்று எடுங்கள்." நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பெயரில் விற்பவை ஏராளம். எல்லாவற்றின் அட்டையிலும் பவர், கண்ட்ரோல், ஸ்பின் என்ற மூன்று சொற்களும் இருக்கும். பந்து படும் முகம் கறுப்பாக, சொரசொரப்பாக, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை எப்படிப் பிரித்தறிவது என்பதைப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் பேடிலைப் பற்றிப் பேசினால் எல்லாம் வெறும் எண்களாகவே நிற்கும்.

கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். வலையை ஒட்டி இருபுறமும் 7 அடிக்கு ஒரு பகுதி உண்டு. ஆட்டக்காரர்கள் அதைக் கிச்சன் என்கிறார்கள். அதற்குள் நின்றபடி, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. சர்வீஸ் ஒருமுறை தரையில் பட்ட பிறகுதான் எதிரணி அதைத் திருப்பலாம். அவர்கள் திருப்பிய பந்தும் ஒருமுறை பட்ட பிறகுதான் சர்வீஸ் அணி அடிக்கலாம். இந்த இரண்டு துள்ளல் விதியால் ஒரு நிலைமை உருவாகிறது. சர்வீஸ் போட்ட அணி வலையிலிருந்து 22 அடி தூரத்தில், கோர்ட்டின் கடைசியில் காத்து நிற்கிறது. எதிரணியோ திருப்பியடித்த கையோடு கிச்சன் கோட்டுக்கு வந்து மேலாதிக்கம் பிடித்துவிடுகிறது.

சர்வீஸ், அதைத் திருப்பும் அடி ஆகியவற்றுக்குப் பிறகு சர்வீஸ் அணி அடிக்கும் மூன்றாவது அடியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஓங்கி நேராக அடிக்கலாம், அது டிரைவ். அல்லது பந்தை மெல்லத் தூக்கி, வலையைத் தாண்டியதும் எதிரணியின் கிச்சனுக்குள் விழும்படி இறக்கலாம்; அது டிராப். டிராப் சரியாக விழுந்தால் நாமும் முன்னே நடந்து கிச்சன் கோட்டை அடையலாம். நடந்து வரும்போதே எதிராளி காலடியில் வேகமாக அடிப்பார். அதன் வேகத்தைக் கொன்று மறுபடியும் அவரது கிச்சனுக்குள் போட வேண்டும். இது ரீசெட். எல்லாரும் முன்னே வந்த பிறகு இரண்டு கிச்சன் கோடுகளுக்கும் இடையே 14 அடிதான். அந்த இடைவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறக்குறைய கால் வினாடியில் நம்மை எட்டிவிடும்.

அதாவது ஒரே ரேலிக்குள், சில வினாடிகளுக்குள், ஓங்கி அடிக்கவும் வேண்டும், பஞ்சுபோல் இறக்கவும் வேண்டும், அனிச்சையாகத் தடுக்கவும் வேண்டும். நடுவில் பேடிலை மாற்ற முடியாது. அதனால்தான் ஓங்கி அடிப்பதற்கும் மெல்ல இறக்குவதற்கும் நடுவில் நிற்கும் பேடில் ஒன்றை ஆட்டக்காரர்கள் தேடினார்கள். அதற்கு வந்த பெயர்தான் ஆல்-கோர்ட்.

இந்தப் பெயர் விதிப்புத்தகத்தில் இல்லை. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் யுஎஸ்ஏ பிக்கிள்பால் அமைப்பின் விதி, பேடிலின் நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தடிமனுக்கும் எடைக்கும் வரம்பு இல்லை. பவர், கண்ட்ரோல், ஆல்-கோர்ட் என்று பிரித்ததெல்லாம் தயாரிப்பாளர்களும் விமர்சகர்களும்தான். ஆகவே ஒரு பேடில் ஆல்-கோர்ட்டா இல்லையா என்று வாதாடுவதில் பயன் இல்லை. அந்த வகைக்குள் இருக்கும் ஒவ்வொரு பேடிலும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். எந்தப் பக்கம் சாய்கிறது, எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கியிருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தடிமன்: முதலில் பார்க்க வேண்டியது

1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்தபோது பேடில்கள் ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்டன. 1984இல் போயிங் நிறுவனப் பொறியாளர் ஆர்லன் பராண்டோ, விமானத்தில் பயன்படும் தேன்கூட்டுப் பலகையை எடுத்துப் பேடில் செய்தார். மேலும் கீழும் மெல்லிய தகடு, நடுவே அறுகோண அறைகள் கொண்ட கூடு. எடை குறைவு, உறுதி அதிகம். இன்றைய பேடில்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வாரிசுகள்தான். நடுக்கூட்டுக்கு இப்போது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதைத்தான் கோர் என்கிறோம்.

கோரின் தடிமன் பொதுவாக 11 மில்லிமீட்டரிலிருந்து 16 மில்லிமீட்டர் வரை இருக்கும். செல்கிர்க் நிறுவனத்தின் லக்ஸ் கண்ட்ரோல் ஏர் போன்ற ஒன்றிரண்டு 20 மில்லிமீட்டர் வரை போகின்றன. பெயரிலேயே கண்ட்ரோல் இருப்பது தற்செயல் அல்ல. தடித்த கோர் பந்தின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். பந்து மெதுவாக, எதிர்பார்த்த உயரத்தில் புறப்படும். மெல்லிய கோரில் பந்து பட்டவுடன் சட்டென்று தெறிக்கும். இந்தத் தெறிப்பை ஆட்டக்காரர்கள் பாப் என்பார்கள்.

இதை உணர்ந்து பார்க்க நல்ல உதாரணம் ஆஸ்திரேலிய நிறுவனமான சிக்ஸ் ஜீரோவின் டபுள் பிளாக் டைமண்ட். அதே வடிவம், அதே கார்பன் முகம், அதே வார்ப்பு முறை. ஆனால் 14 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் என இரண்டு தடிமன்களில் வருகிறது. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். இரண்டும் ஒரே கோர்ட்டில் கிடைத்தால், கடைசிக் கோட்டில் நின்று ஒரே மாதிரி பத்து டிராப் போட்டுப் பாருங்கள். 16இல் கிச்சனுக்குள் விழுந்த அதே வீச்சு, 14இல் கிச்சன் கோட்டைத் தாண்டி எதிராளியின் இடுப்பு உயரத்துக்குப் போய் நிற்கும். எதிராளிக்கு அது விருந்து. அடுத்து கிச்சன் கோட்டுக்கு வந்து வாலி, அதாவது தரையில் படாத பந்தை, அடித்துப் பாருங்கள். இப்போது நிலைமை தலைகீழ். 14இல் மணிக்கட்டை லேசாகத் தட்டினாலே பந்து பறக்கிறது. 16இல் அதே வேகம் வர நாமே வீச வேண்டும்.

இரண்டையும் ஆல்-கோர்ட் என்றுதான் சொல்கிறார்கள். சொல்வதிலும் தவறில்லை. 16 கண்ட்ரோல் பக்கம் சாய்ந்த ஆல்-கோர்ட், 14 பவர் பக்கம் சாய்ந்த ஆல்-கோர்ட். அட்டையில் அப்படி எழுத மாட்டார்கள். நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக ஆடுபவருக்கு 16 என்பது என் உறுதியான கருத்து. ஓங்கி அடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானே கற்றுக்கொள்ளும். மெல்ல இறக்குவதுதான் மாதக்கணக்கில் பிடிபடாமல் இருக்கும். அந்தக் காலத்தில் பேடில் நமக்கு எதிராக வேலை செய்யக் கூடாது.

வடிவமும் ஸ்விங்வெயிட்டும்

நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலம்தான் என்று விதி கட்டிப்போட்டுவிட்டதால், நீளத்தைக் கூட்டினால் அகலம் குறைந்தே தீரும். 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம் என்றால் அகன்ற வடிவம். 16.5 அங்குல நீளம், 7.5 அங்குல அகலம் என்றால் நீண்ட வடிவம். பிக்கிள்பால் வீரர் பென் ஜான்ஸ் பெயரில் ஜூலா நிறுவனம் வெளியிட்ட ஹைப்பீரியன், பெர்சியஸ் ஆகியவை இந்த வகை. நடுவில் 16.3 அங்குலம், 7.7 அங்குலம் என்பதுபோல் வருபவற்றை ஹைப்ரிட் என்பார்கள். டபுள் பிளாக் டைமண்ட் அந்த வகை. ஆல்-கோர்ட் என்று பெயர் எடுத்தவற்றில் ஹைப்ரிட் வடிவம் நிறைய இருப்பதற்குக் காரணம் எளிது: இரண்டு முனைகளின் குறையும் பாதியாகக் குறைகிறது.

நீண்ட பேடில் எட்டும் தூரத்தைக் கூட்டுகிறது, நுனியின் வேகத்தையும் கூட்டுகிறது. ஆனால் ஸ்வீட் ஸ்பாட் என்ற நல்ல அடிப்பகுதி ஒடுங்கிவிடுகிறது. அகன்ற பேடிலில் பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் மன்னித்துவிடும். எட்டும் தூரம்தான் குறைவு. இது ஓரளவு பார்த்தாலே தெரியும். பார்த்துத் தெரியாதது ஸ்விங்வெயிட். என்னைக் கேட்டால் ஒரு பேடிலைப் பற்றிய எண்களிலேயே முக்கியமானது இதுதான். ஆனால் பல கடைகளில் வெறும் எடையை மட்டும்தான் எழுதி வைக்கிறார்கள்.

தராசில் வைத்தால் பெரும்பாலான பேடில்கள் 220 கிராமிலிருந்து 235 கிராமுக்குள் வந்துவிடும். ஆனால் வீசும்போது கைக்குத் தெரிவது மொத்த எடை அல்ல, அந்த எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. அதன் அளவுதான் ஸ்விங்வெயிட். சுத்தியலைப் பிடியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு தலைகீழாகத் திருப்பி இரும்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எடை மாறவில்லை, ஆனால் இரண்டாவது முறை விளையாட்டுப் பொருள்போல் இலகுவாக இருக்கும்.

இதன் கணக்கு ஒரே வரிதான். ஒவ்வொரு சிறு பகுதியின் எடையையும், கையிலிருந்து அதற்குள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தூரம் வர்க்கமாக வருவதுதான் இதில் விஷயம். பேடிலின் நுனியில், பிடிக்கும் இடத்திலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி 5 கிராம் ஈயப் பட்டை ஒட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.005 கிலோவை 35இன் வர்க்கமான 1,225ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6 வருகிறது. அதே பட்டையைக் கைப்பிடிக்குச் சற்று மேலே, 15 சென்டிமீட்டர் தூரத்தில் ஒட்டினால் 1.1தான். தராசு இரண்டுக்கும் 5 கிராம் என்றே சொல்லும். ஸ்விங்வெயிட்டோ ஒன்றில் ஒரு புள்ளி ஏறுகிறது, மற்றதில் ஆறு புள்ளி ஏறுகிறது. ஆறு புள்ளி என்பது ஒரு பேடிலை வேறொரு பேடிலாகவே மாற்றிவிடும் அளவு.

இந்த எண் பொதுவாக 105 முதல் 125 வரை இருக்கும். 110க்குக் கீழே என்றால் கை வேகமாகத் திரும்பும். கிச்சன் கோட்டில் கால் வினாடிச் சண்டைக்கு நல்லது, ஆனால் டிரைவில் பின்பலம் குறையும். 120க்கு மேல் என்றால் டிரைவ் இடிபோல் இறங்கும். ஆனால் உடம்பை நோக்கி வரும் பந்துக்குப் பேடில் ஒரு கணம் தாமதமாகவே வந்து சேரும். ஆட்டத்தின் இறுதியில் கை களைத்தபோது அந்தத் தாமதம் இன்னும் கூடும். 110க்கும் 117க்கும் இடையில் இருப்பவை ஆல்-கோர்ட் என்ற பெயருக்குப் பொருத்தமானவை.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ட்விஸ்ட்வெயிட். பந்து பேடிலின் ஓரத்தில் பட்டால் கைக்குள் பேடில் திருகிக்கொள்கிறது அல்லவா? அந்தத் திருகலை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு இது. பெரும்பாலும் 5க்கும் 8க்கும் இடையில் வரும். எண் கூடினால் நிலைத்தன்மை கூடும். அகன்ற பேடிலுக்கு இது இயல்பாகவே அதிகம். ஸ்விங்வெயிட் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேடில்களில் ட்விஸ்ட்வெயிட் அதிகம் உள்ளதை எடுப்பது புத்திசாலித்தனம். ஏனென்றால் புதியவர்கள் பந்தை நடுவில் அடிப்பது குறைவு. ரீசெட் ஆடும்போது பந்து எங்கே படும் என்று அனுபவசாலிகளாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது.

முகமும் வார்ப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கண்ணாடியிழை முகம் அதிகம் வளைந்துகொடுத்துப் பந்தைத் தள்ளும், தெறிப்பு கூடும். கார்பன் இழை விறைப்பானது. தொடுவுணர்வு தெளிவாக இருக்கும். டி700 என்று எழுதியிருந்தால் அது கார்பன் இழையின் ஒரு தரம். பெயிண்ட் பூசாமல் இழையின் சொரசொரப்பை அப்படியே விட்டுவைத்த முகம் பந்தைப் பற்றிச் சுழற்றும். சுழற்சி எதற்கு என்றால், மேற்சுழற்சி கொடுத்த பந்து வலையைத் தாண்டியதும் கீழே குனியும். அதனால் பயமில்லாமல் வேகமாக அடிக்கலாம். இன்று ஆல்-கோர்ட் பேடில்களில் பெரும்பாலானவை இந்த முகத்தோடுதான் வருகின்றன, ஆகவே ஒப்பிடும்போது இதில் பெரிய வேறுபாடு கிடைக்காது.

வார்ப்பு முறையில் கிடைக்கும். முகத்தையும் கைப்பிடியையும் ஒரே துண்டாக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வார்த்து, ஓரங்களில் நுரையைச் செலுத்தும் முறைக்குத் தெர்மோஃபார்மிங் என்று பெயர். ஓரம் விறைப்பாவதால் அடியின் பலம் கூடுகிறது. இதே 16 மில்லிமீட்டர் என்றாலும் தெர்மோஃபார்ம் செய்த பேடில், செய்யாததைவிடத் துடிப்பாகவே இருக்கும். எனவே தடிமனை மட்டும் வைத்து இரண்டு வெவ்வேறு வார்ப்புகளை ஒப்பிட்டுவிடக் கூடாது. இந்த முறையின் ஆரம்ப காலப் பேடில்கள் சிலவற்றில் முகம் கோரிலிருந்து பிரிந்து, பந்து முறையற்ற வேகத்தில் தெறிக்கும் கோளாறும் வந்தது. வாங்கியபோது அடக்கமாக இருந்த பேடில் திடீரென்று ஒரு நாள் பந்தை எறியத் தொடங்கினால், முகத்தை விரலால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஒலி கேட்டால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதை வைத்துத் தொடர்ந்து ஆடுவது எதிராளிக்குச் செய்யும் அநியாயம்.

கோருக்குப் பாலிபுரோப்பிலீன் கூட்டை விட்டுவிட்டு முழுக்க நுரையையே வைக்கும் பேடில்களும் இப்போது வந்துவிட்டன. சான்றிதழுக்குக் கொடுத்த மாதிரிகளும் விற்ற பேடில்களும் ஒன்றாக இல்லை என்பதால் 2024 மே மாதம் ஜூலாவின் மூன்றாம் தலைமுறைப் பேடில்கள் சிலவற்றை யுஎஸ்ஏ பிக்கிள்பால் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கியது. பவர் ஏறிக்கொண்டே போனதால் அந்த ஆண்டின் இறுதியில், பந்து எவ்வளவு வேகத்தோடு திரும்புகிறது என்பதை அளக்கும் புதிய சோதனையையும் கொண்டுவந்தது. ஒப்பிடுபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆல்-கோர்ட் என்ற எல்லை ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. இன்றைக்கு ஆல்-கோர்ட் என்று விற்பதில் பல, 2021இல் வந்திருந்தால் பவர் பேடில் என்றே பெயர் வாங்கியிருக்கும். பழைய விமர்சனம் ஒன்றையும் புதிய விமர்சனம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, எழுதிய ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டத்திலிருந்து வருகிறீர்கள்?

நம் ஊரில் பிக்கிள்பாலுக்கு வருபவர்களில் பலர் இறகுப்பந்து ஆடியவர்கள். அந்த மட்டை 80 முதல் 90 கிராம்தான். மணிக்கட்டால் ஆடிப் பழகிய கை அது. 225 கிராம் பேடிலை அதே மணிக்கட்டால் ஆட்டும்போது முழங்கை வலி தொடங்குவது வெகு இயல்பு. அவர்கள் தராசு எடையைப் பார்க்காமல் ஸ்விங்வெயிட் 110ஐ ஒட்டி இருப்பதைத் தேட வேண்டும். அவர்களுக்குக் கிச்சன் கோட்டில் கை வேகம் ஏற்கெனவே இருக்கிறது. இலகுவான பேடில் அந்த வரத்தைக் கெடுக்காது.

டென்னிஸிலிருந்து வருபவர்களில் பலர் இரண்டு கைகளால் பேக்ஹேண்ட் அடிப்பார்கள். அவர்கள் முதலில் அளக்க வேண்டியது கைப்பிடி. 5.5 அங்குலமாவது வேண்டும். 5 அங்குலத்தில் இரண்டாவது கைக்கு இடம் போதாது. கனமான பேடில் அவர்களுக்குப் பாரமாகத் தெரியாது. மேசைப்பந்து ஆடியவர்கள் சுட்டுவிரலை முகத்தின் மேல் வைத்துப் பிடிப்பதால் குட்டையான கைப்பிடியும் அகன்ற முகமும் அவர்களுக்குப் பொருந்தும்.

கைப்பிடியின் சுற்றளவு 4 அங்குலத்திலிருந்து 4.5 வரை கிடைக்கிறது. பிடித்த கையின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றொரு கையின் சுட்டுவிரல் நுழைந்தால் சரியான அளவு. சந்தேகம் இருந்தால் சிறியதையே எடுங்கள். மேலே ஓவர்கிரிப் என்ற மெல்லிய பட்டையைச் சுற்றித் தடிமனாக்கலாம். பெரியதைச் சிறியதாக்க முடியாது. வியர்வை அதிகம் உள்ள சென்னை போன்ற ஊரில் ஓவர்கிரிப் எப்படியும் தேவைப்படும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டில் சோதிப்பது

எண்கள் பத்துப் பேடிலை மூன்றாகக் குறைக்கும். மூன்றை ஒன்றாக்குவது கோர்ட்தான். இரவல் வாங்கியாவது அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பெரும்பாலானோர் சோதிக்கும் விதம் தவறாக இருக்கிறது. பேடிலைக் கையில் வாங்கியதும் நாலு டிரைவ் ஓங்கி அடிப்பார்கள். பந்து பறந்ததும் மனம் அங்கேயே விழுந்துவிடும். டிரைவ் எந்தப் பேடிலிலும் போகும். கோர்ட்டின் நடுவில், கிச்சன் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே நில்லுங்கள். எதிரே நண்பர் ஒருவர் கிச்சன் கோட்டிலிருந்து உங்கள் இடுப்புக்கும் காலடிக்கும் வேகமாக அடிக்கட்டும். நீங்கள் அவற்றை அவரது கிச்சனுக்குள் இறக்க வேண்டும். ஒவ்வொரு பேடிலுக்கும் இருபது பந்து போதும். எத்தனை உள்ளே விழுந்தன, எத்தனை மேலே எழும்பி அவருக்கு வாய்ப்பாயின என்று நண்பரையே எண்ணச் சொல்லுங்கள். ஆடும் நமக்கு அது சரியாகத் தெரியாது. பந்து ஓரத்தில் பட்டபோது பேடில் கைக்குள் எவ்வளவு திருகியது என்பதையும் கவனியுங்கள்.

பிறகு கிச்சன் கோட்டில் டிங்க் எனப்படும் மெல்லிய தட்டல்கள் சில, நடுவே அறிவிப்பில்லாமல் ஒரு வேக அடி. பேடில் நேரத்துக்கு வந்ததா? கடைசியாகத்தான் டிரைவும் சர்வீஸும். அப்போதும் பந்தின் வேகத்தை விட்டுவிட்டு, எத்தனை பந்து கோட்டுக்குள் விழுந்தது என்று பாருங்கள். முதல் பேடிலை இறுதியில் மறுபடி ஒருமுறை எடுத்து அடியுங்கள். கை சூடேறிய பிறகு எதுவுமே நன்றாகத் தோன்றும் என்பதால், அந்த ஒரு சுற்று தீர்ப்பை மாற்றிவிடக்கூடும். பந்தும் ஒன்றாகவே இருக்க வேண்டும்: உள்ளரங்குப் பந்து பெரும்பாலும் 26 துளைகள் கொண்டது, மென்மையானது, வெளிக்களப் பந்து 40 துளைகளோடு கடினமாக இருக்கும். ஒன்றில் சோதித்த முடிவு மற்றதுக்குப் பொருந்தாது.

எந்த அடியில் புள்ளிகளை இழக்கிறீர்களோ அந்த அடிக்கு உதவும் பேடிலை எடுங்கள். நன்றாக வரும் அடியை இன்னும் நன்றாக்கும் பேடில் முதல் நாள் மகிழ்ச்சி தரும், ஸ்கோர் மாறாது. டிராப்பும் ரீசெட்டும் மேலே எழும்பினால் 16 மில்லிமீட்டர், ட்விஸ்ட்வெயிட் அதிகம் உள்ள ஹைப்ரிட் அல்லது அகன்ற வடிவம். மென்மையான அடிகள் கைவந்து, முடிக்க வேண்டிய பந்தை முடிக்க முடியாமல் தவித்தால் 14க்கோ, தெர்மோஃபார்ம் செய்த நீண்ட வடிவத்துக்கோ போகலாம்.

இரண்டுக்கும் நடுவே ஊசலாடுபவர்கள் இலகுவானதையே வாங்கட்டும். கடிகார முகமாகப் பேடிலைப் பார்த்தால் 3 மணி, 9 மணி இருக்கும் ஓரங்களில் இரண்டு மூன்று கிராம் ஈயப் பட்டையோ டங்ஸ்டன் பட்டையோ ஒட்டி ட்விஸ்ட்வெயிட்டைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்விங்வெயிட் அவ்வளவாக ஏறக் கூடாது என்றால் சற்றுக் கீழே, 4 மணி, 8 மணி இடங்களில் ஒட்டலாம். கனமாக வாங்கிவிட்டால் அதைச் செதுக்கிக் குறைக்க வழியில்லை. போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால், வாங்கும் அதே மாடலும் அதே தடிமனும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் ஒரு தடிமன் இருந்து மற்றொன்று இல்லாமலும் போகலாம்.